கனடாவில் முதல் குளிர்காலம்: வின்டர் டயரா, ஆல் சீசனே போதுமா?

ஊரில் பல வருடம் கார் ஓட்டியவருக்கும் இங்கே முதல் குளிர்காலம் நெருங்கும்போது டயர் விஷயத்தில் குழப்பம் வந்துவிடும். அங்கே பட்டன் தேய்ந்தால் டயரை மாற்றுவோம், பஞ்சர் ஆனால் ஸ்டெப்னி போடுவோம், அவ்வளவுதான். டொராண்டோ பக்கம் அக்டோபர் பிறந்தால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒருவர் "பத்து வருஷமா ஆல் சீசன்லதான் ஓட்டுறேன், ஒண்ணும் ஆகல" என்பார். இன்னொருவர் "வின்டர் டயர் இல்லாம வண்டிய வெளியவே எடுக்காதீங்க" என்பார். கடைக்குப் போனால் அங்கே எது ஸ்டாக் இருக்கிறதோ அதுதான் நல்லது என்பார்கள். இதையெல்லாம் கேட்டு, கடை கடையாக ஏறி இறங்கி, பில்லையும் இன்ஷூரன்ஸையும் அலசிப் பார்த்து ஒருவழியாகத் தெளிந்த பிறகு எழுதுகிறேன். அடுத்து வருகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

ஒன்டாரியோவை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மற்ற மாகாணங்களில் மாறுவதை அங்கங்கே சொல்கிறேன். விலைகள் கனடா டாலரில், தோராயமானவை.

1. முதலில் உங்கள் மாகாணத்தின் சட்டத்தைப் பாருங்கள்

ஒன்டாரியோவில் வின்டர் டயர் கட்டாயம் இல்லை. மானிட்டோபா, ஆல்பர்ட்டாவிலும் இல்லை.

கியூபெக்கில் கட்டாயம். அங்கே பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் குறைந்தது 200 டாலர் அபராதம். ஒன்டாரியோ நம்பர் பிளேட்டோடு மான்ட்ரியாலில் இருக்கும் உறவினரைப் பார்க்கப் போகிறவரை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆனால் வேலை கிடைத்து அங்கேயே குடிபோய் வண்டியை அங்கே பதிவு செய்கிறீர்கள் என்றால் அன்றிலிருந்து உங்களுக்கும் அது பொருந்தும்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் வான்கூவர் நகரத்துக்குள் ஓட்ட இந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் விஸ்லர் போகிற சாலை, கோக்கிஹாலா மாதிரி மலைச்சாலைகளில் அக்டோபர் 1 முதல் குளிர்கால டயர் வேண்டும். பெரும்பாலான மலைப்பாதைகளில் இது ஏப்ரல் 30 வரை நீளும். அதற்கான பலகை சாலையிலேயே நிற்கும்.

ஒன்டாரியோவில் சட்டம் கேட்கவில்லை என்பதால் தேவையில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிப்ரவரி மாத விடியற்காலையில் 401 நெடுஞ்சாலையில் முன்னால் போகிற லாரி பிரேக் அடிக்கும்போது நம் வண்டி எங்கே நிற்கும் என்பதைச் சட்டம் தீர்மானிப்பதில்லை, டயர்தான் தீர்மானிக்கிறது.

2. பெயரைப் பார்க்காதீர்கள், டயரின் பக்கச் சுவரைப் பாருங்கள்

உங்கள் வண்டியின் டயர் பக்கத்தில் குனிந்து, செல்போன் டார்ச் அடித்து, பக்கச் சுவரில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டு குறிகளில் ஒன்றோ இரண்டுமோ இருக்கும்.

'எம் பிளஸ் எஸ்' என்ற எழுத்துகள் சேற்றுக்கும் பனிக்கும் என்று அர்த்தம். பட்டன் எப்படி வெட்டப்பட்டிருக்கிறது என்பதை வைத்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்வது அது. பனியில் ஓட்டிச் சோதித்துக் கொடுத்த சான்று இல்லை. அநேகமாக எல்லா ஆல் சீசன் டயரிலும் இருக்கும்.

இன்னொன்று மூன்று முகடு உள்ள மலை, அதற்குள் ஒரு பனிச்செதில். இதுதான் முக்கியம். இறுகிய பனியில் சோதித்து, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பிடிமானம் காட்டிய டயருக்குத்தான் இதைப் போடலாம். கியூபெக் கேட்பதும் இந்தக் குறியைத்தான். ஒன்டாரியோ இன்ஷூரன்ஸ் நிறுவனங்களும் வழக்கமாக இதைத்தான் பார்க்கும்.

இதை வைத்துப் பார்த்தால் சந்தையில் மூன்று வகை இருக்கிறது.

ஆல் சீசன்: மலைக் குறி இருக்காது. சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் இதன் ரப்பர் இறுகத் தொடங்கும். பனியே இல்லாத காய்ந்த சாலையிலும் பிடிமானம் குறையும், மைனஸ் 15-இல் சொல்லவே வேண்டாம்.

வின்டர்: மலைக் குறி இருக்கும். கடுங்குளிரிலும் ரப்பர் மென்மையாகவே இருக்கும், பட்டன் முழுக்க மெல்லிய கீறல்கள் வெட்டியிருப்பார்கள், அவைதான் பனியையும் ஐஸையும் கடித்துப் பிடிக்கின்றன. பிரிட்ஜ்ஸ்டோன் பிளிசாக், மிஷலின் எக்ஸ்-ஐஸ் எல்லாம் இந்த ரகம். கோடையில் இதைப் போட்டு ஓட்டினால் சீக்கிரம் தேய்ந்துவிடும், சூட்டில் பிரேக்கும் சரியாகப் பிடிக்காது.

ஆல் வெதர்: கடைக்காரர் வேகமாகப் பேசும்போது ஆல் சீசன் என்றே காதில் விழும், ஆனால் வேறு சரக்கு. மலைக் குறி உண்டு, வருடம் முழுக்கக் கழற்றாமல் ஓட்டலாம். மிஷலின் கிராஸ்கிளைமேட் 2, டோயோ செல்சியஸ் மாதிரி. ஒன்றைக் கவனியுங்கள்: அந்த மலைக் குறிக்கான சோதனை இறுகிய பனியில் வண்டி எப்படி இழுக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது, ஐஸில் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. அதனால் குறி ஒன்றாக இருந்தாலும் கண்ணாடி மாதிரி உறைந்த சாலையில் நல்ல வின்டர் டயர்தான் முன்னால் நிற்கும்.

3. உங்களுக்கு எது?

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். வெறும் ஆல் சீசனோடு கனடாவின் குளிர்காலத்தைக் கடத்தலாம் என்பதை நான் ஏற்கவில்லை. கேள்வி வின்டரா, ஆல் வெதரா என்பதுதான்.

பிராம்ப்டனிலோ ஏஜாக்ஸிலோ கிடங்கு வேலை, அதிகாலை ஷிப்ட், தினமும் நெடுஞ்சாலை என்றால் யோசிக்கவே வேண்டாம், வின்டர். பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவும் லாரி வருவதற்கு முன்பே நீங்கள் சாலையில் இருப்பீர்கள். ஒட்டாவா, சட்பரி, தண்டர் பே, வின்னிபெக், எட்மன்டன், இங்கெல்லாம் யாராக இருந்தாலும் வின்டர்தான். இரவுப் பணிக்குப் போகும் நர்ஸ், பனி பெய்கிறது என்று லீவு போட முடியாத யாரும் இந்தப் பட்டியலில் சேர்த்தி.

வேலைக்கு 'கோ' என்கிற புறநகர் ரயிலிலோ சப்வேயிலோ போகிறீர்கள், வண்டி வாரக் கடைசியில் கோயிலுக்கும் மளிகைக்கும்தான் வெளியே வரும், பெரும் பனிப்பொழிவு என்றால் வீட்டிலேயே இருந்துவிடலாம், இருப்பது பேஸ்மென்ட் வாடகை வீட்டில், நான்கு டயர் வைக்க இடமில்லை என்றால் ஆல் வெதர் நியாயமான தேர்வு. வருடத்துக்கு இரண்டு முறை மாற்றும் செலவும் மிச்சம். ஒரே குறை, வருடம் முழுக்க அதே டயர் ஓடுவதால் சீக்கிரம் தேயும், தேயத் தேய பனியில் பிடிப்பும் குறையும்.

"ஆல் வீல் டிரைவ் வண்டிக்கு வின்டர் டயர் எதுக்கு?" என்று கேட்பவர்கள் நிறைய. நான்கு சக்கரமும் இழுப்பதால் பனியிலிருந்து வண்டியைக் கிளப்புவது சுலபம், உண்மைதான். நிறுத்தும்போது எல்லா வண்டியும் நான்கு சக்கரத்தில்தான் பிரேக் பிடிக்கிறது. அங்கே அந்த வசதி உதவிக்கு வராது. கிளம்பும்போது வழுக்காத வண்டி ஓட்டுபவருக்கு அசட்டுத் தைரியத்தைக் கொடுத்துவிடும் என்பது இன்னும் மோசம்.

இரண்டு டயர் மட்டும் வாங்கி முன்னால் போட்டுக்கொள்ளலாம் என்றும் சிலர் சொல்வார்கள். கூடவே கூடாது. முன்சக்கரம் பிடித்து நிற்க, பின்சக்கரம் வழுக்கினால் வண்டி அப்படியே சுழன்றுவிடும். நான்கும் ஒரே வகை.

4. அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்

டிரைவர் கதவைத் திறந்தால் நடுத்தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயர் அளவும் காற்று எவ்வளவு என்பதும் அதில் இருக்கும். 205/55 ஆர் 16 என்று இருந்தால் 205 மில்லிமீட்டர் அகலம், உயரம் அந்த அகலத்தில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம். பழைய வண்டி வாங்கியவர்கள் ஓடுகிற டயரில் உள்ள அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள், முந்தைய ஓனர் ரிம் மாற்றியிருக்கலாம். இரண்டையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் கடைக்குப் போன் போடும்போது தடுமாற வேண்டாம்.

உங்கள் வண்டி 17 அல்லது 18 அங்குல ரிம்மோடு வந்திருந்தால் குளிர்காலத்துக்கு ஓர் அங்குலம் சிறிய ரிம் போட முடியுமா என்று கேளுங்கள். டயர் விலை குறையும், பக்கச் சுவர் உயரமாக இருப்பதால் பள்ளத்தில் விழுந்தாலும் ரிம் தப்பிக்கும். ஆனால் பிரேக் இடிக்கக் கூடாது, சக்கரத்தின் மொத்த உயரமும் மாறக் கூடாது. அதனால் கடைக்காரர் உங்கள் மாடலைப் போட்டுப் பார்த்து உறுதி செய்த பிறகுதான் பணம் கொடுங்கள்.

5. ரிம்மோடு வாங்குவதா, டயர் மட்டுமா?

ரிம்மோடு வாங்குங்கள். சாதாரண இரும்பு ரிம் ஒன்று 80 முதல் 110 டாலர்.

ஒவ்வொரு முறையும் ரிம்மிலிருந்து பழைய டயரைக் கழற்றி, புதியதை ஏற்றி, பேலன்ஸ் செய்ய நான்குக்கும் 100 முதல் 150 டாலர் கேட்பார்கள். ரிம்மோடு இருந்தால் நட்டைக் கழற்றி மாட்டுவதுதான் வேலை, 50 அல்லது 60 டாலரில் முடியும். வருடத்துக்கு இரண்டு முறை என்று கணக்குப் போட்டால் மூன்று நான்கு குளிர்காலத்தில் ரிம் காசு திரும்பிவிடும். அடிக்கடி கழற்றி மாட்டினால் டயரின் விளிம்பும் கெடும், அதுவும் தவிரும்.

டயர் காற்று சென்சார் இன்னொரு செலவு. புது ரிம்மில் சென்சார் போடாவிட்டால் பல வண்டிகளில் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு குளிர்காலம் முழுக்க எரிந்துகொண்டே இருக்கும். சென்சார் ஒன்றுக்கு 50 டாலருக்குக் குறையாது. விளக்கைப் பொறுத்துக்கொண்டு மாதம் ஒருமுறை கையால் காற்றுப் பார்ப்பவர்களும் உண்டு. சோம்பல் இல்லாதவராக இருந்தால் செய்யலாம், மற்றவர்கள் போட்டுவிடுவது நல்லது.

6. பில்லை எழுத்தில் வாங்குங்கள்

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒரு கடையில் எனக்குப் போனில் சொன்ன விலை டயருக்கு மட்டும்தான். நேரில் போனபோது ஏற்றும் கூலி, வால்வு, பேலன்ஸ், மறுசுழற்சிக் கட்டணம் என்று பில் நீண்டுகொண்டே போனது. அதனால் போனில் கேட்கும்போதே "எல்லாம் சேர்த்து, வரியோடு, வண்டியில் மாட்டிக் கொடுக்க எவ்வளவு?" என்று கேட்டு, அதை ஈமெயிலில் அனுப்பச் சொல்லுங்கள்.

மாதிரிக்கு ஒரு கணக்கு. டயர் ஒன்று 160 என்றால் நான்கு 640. ரிம் 90 வீதம் 360. ஏற்றி பேலன்ஸ் செய்ய டயருக்கு 20 வீதம் 80. மறுசுழற்சிக் கட்டணம் ஐந்து வீதம் 20. மொத்தம் 1,100. அதன் மேல் 13 சதவீதம் எச்.எஸ்.டி (விற்பனை வரி) 143. கையை விட்டுப் போவது 1,243 டாலர். 160 டாலர் டயர் என்று நினைத்துப் போகிறவருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் வின்டர் டயர் ஓடும் மாதங்களில் மற்ற செட் தேயாமல் ஓய்வெடுக்கிறது, அதன் ஆயுள் அந்த அளவுக்கு நீள்கிறது. ஆகவே செலவு இரட்டிப்பு ஆவதில்லை, முன்கூட்டியே கட்டுகிறீர்கள், அவ்வளவுதான்.

காஸ்ட்கோ, கனேடியன் டயர், கால் டயர் என்று பெரிய கடைகளிலும் உங்கள் ஏரியா கராஜிலும் ஒரே டயருக்கு விலை கேட்டு ஒப்பிடுங்கள். இலையுதிர் காலத்தில் டயர் கம்பெனிகள் நான்கு வாங்கினால் இவ்வளவு திருப்பித் தருகிறோம் என்று சலுகை போடுவது வழக்கம். அது பில்லில் கழியாது, நீங்கள்தான் பில் நகலோடு விண்ணப்பிக்க வேண்டும், கடைசித் தேதியும் இருக்கும். வீட்டுக்கு வந்த அன்றே அனுப்பிவிடுங்கள்.

மானிட்டோபாவில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி: அரசு வாகன இன்ஷூரன்ஸ் நிறுவனமே வின்டர் டயர் வாங்கக் குறைந்த வட்டிக் கடன் திட்டம் நடத்துகிறது. விசாரியுங்கள்.

7. இன்ஷூரன்ஸ் தள்ளுபடியைக் கேட்டு வாங்குங்கள்

ஒன்டாரியோவில் 2016 ஜனவரி 1 முதல் எல்லா வாகன இன்ஷூரன்ஸ் நிறுவனமும் வின்டர் டயருக்குத் தள்ளுபடி தர வேண்டும். பெரும்பாலும் 5 சதவீதம் வரை. அவர்களாகக் கூப்பிட்டுத் தருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

புதிதாக வந்தவர்களுக்கு இங்கே ஓட்டிய அனுபவம் இல்லை என்பதால் இன்ஷூரன்ஸ் கூடுதல். வருடத்துக்கு 3,600 டாலர் கட்டுகிறீர்கள் என்றால் 5 சதவீதம் 180 டாலர். வருடம் இரண்டு முறை டயர் மாற்றும் கூலி இதிலேயே அடங்கிவிடும்.

இவற்றைக் கேளுங்கள்: ஆல் வெதர் டயருக்கும் தள்ளுபடி உண்டா? எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை டயர் வண்டியில் இருக்க வேண்டும்? பில் அனுப்ப வேண்டுமா? பதிலை ஈமெயிலில் வாங்குங்கள். நான்கு டயரின் பெயர், அளவு, மாட்டிய தேதி எல்லாம் உள்ள பில்லைப் பத்திரப்படுத்துங்கள். விபத்து என்று வந்தால் டயர் நிஜமாகவே வண்டியில் இருந்ததா என்று பார்ப்பார்கள், தள்ளுபடி வாங்கிவிட்டு டயரை கராஜில் அடுக்கி வைக்கும் வேலை வேண்டாம்.

வண்டி லீஸ் என்றால் ஒப்பந்தத்தை ஒருமுறை படியுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது அதோடு வந்த ரிம்மும் டயரும் கேட்பார்கள்.

8. எப்போது?

செப்டம்பர் கடைசியில் விலை கேளுங்கள். அக்டோபர் இரண்டாம் திங்கள் தேங்ஸ்கிவிங் விடுமுறை, அதற்குள் நாள் குறித்துவிடுங்கள். மாட்டுவது அக்டோபர் கடைசி முதல் நவம்பர் நடுப்பகுதிக்குள், ஒட்டாவாவும் அதற்கு வடக்கேயும் இன்னும் கொஞ்சம் முன்னால். வானிலை ஆப்பில் பகலிலும் 7 டிகிரியைத் தாண்டாத நாட்கள் வரிசையாகத் தெரிந்தால் நேரம் வந்துவிட்டது.

முதல் பனி விழுந்த மறுநாள் ஊரே கடைக்குப் போன் போடும். உங்கள் அளவு ஸ்டாக் இருக்காது, இருந்தாலும் மாட்ட நாள் கிடைக்காது.

9. மாட்டுகிற அன்று

கிளவ் பாக்ஸிலோ ஸ்டெப்னி பக்கத்திலோ வீல் லாக் சாவி இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். கட்டைவிரல் பருமனில், உள்ளே பூ மாதிரி வெட்டிய ஓர் இரும்புத் துண்டு. சக்கரத்துக்கு ஒரு நட்டு அதில்தான் கழலும். அது இல்லாமல் போனால் வேலை அங்கேயே நின்றுவிடும். பழைய வண்டி வாங்கும்போது இதைக் கேட்டு வாங்க யாருக்கும் தோன்றுவதில்லை.

இரும்பு ரிம்முக்கு வேறு வகை நட்டு தேவைப்படலாம், அதையும் முன்பே கேளுங்கள். பக்கச் சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் முன்பக்கம் பார்த்து மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். டி.ஓ.டி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் தயாரித்த வாரமும் வருடமும்: 3524 என்றால் 2024-இன் 35-ஆவது வாரம். புது டயர் என்று விற்பது பல வருடம் கிடந்த சரக்காக இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

மாட்டிய பிறகு 80 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி போய் நட்டுகளை இறுக்கிப் பார்த்து வாருங்கள். அநேகமாக எல்லாக் கடையிலும் இலவசம்தான். சக்கரம் கழன்று ஓடிய செய்திகளுக்குக் காரணம் பல நேரம் இந்த ஒரு வேலையை விட்டதுதான்.

குளிர் கூடக் கூடக் காற்று குறையும், சுமார் ஐந்தரை டிகிரிக்கு ஒரு பி.எஸ்.ஐ (டயர் காற்றழுத்தத்தின் அலகு). மாதம் ஒருமுறை, வண்டி ஓடாமல் நின்ற காலையில் பாருங்கள்.

10. பழைய டயர் வாங்குவதாக இருந்தால்

பழைய சாமான் விற்கும் கிஜிஜி தளத்திலும் பேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் ரிம்மோடு 300, 400 டாலருக்குக் கிடைக்கும். வந்த புதிதில் கை இறுக்கமாக இருக்கும், புரிகிறது. தவறே இல்லை, ஆனால் பகலில் போய்ப் பாருங்கள். மலைக் குறி, தயாரித்த வாரம், பக்கச் சுவரில் வெடிப்பு அல்லது வீக்கம், நான்கும் ஒரே மாதிரிதானா, எல்லாம் பார்க்க வேண்டும்.

பட்டன் ஆழத்துக்கு ஒரு இரண்டு டாலர் நாணயம் போதும். அதைப் பட்டன் இடுக்கில் செங்குத்தாக நிறுத்துங்கள். வெளியே உள்ள வெள்ளி வளையம் முழுக்க உள்ளே மறைந்தால் ஐந்தரை மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிறது, வாங்கலாம். வளையத்தில் கொஞ்சம் வெளியே தெரிந்தால் பேரம் பேசுங்கள். கால்வாசிக்கு மேல் தெரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள். 4 மில்லிமீட்டரை நெருங்கிய டயர் பனிச்சாலைக்கு ஆகாது என்பது கனடா போக்குவரத்துத் துறையின் அறிவுரை. சட்டப்படி அதைவிடத் தேய்ந்தாலும் ஓட்டலாம்தான், ஆனால் அது பனியை மனதில் வைத்துச் சொன்ன அளவு இல்லை.

11. ஏப்ரலில் கழற்றும்போது

ஏப்ரல் நடுவில், 7 டிகிரிக்கு மேலே நிலையாக நின்ற பிறகு கழற்றுங்கள். மார்ச்சில் இரண்டு நாள் வெயில் அடித்ததும் அவசரப்பட வேண்டாம், ஏப்ரலிலும் பனி பெய்யும்.

எந்தச் சக்கரம் எங்கே இருந்தது என்று சாக்பீஸால் டயரிலேயே எழுதிவிடுங்கள், அடுத்த முறை முன்னதைப் பின்னால் மாற்றிப் போட்டால் சமமாகத் தேயும். உப்பைக் கழுவிக் காயவைத்து, கறுப்புக் குப்பைப் பையில் கட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ரிம்மோடு இருந்தால் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வைக்கலாம், ரிம் இல்லாத டயரை நிமிர்த்தி நிறுத்துங்கள். காண்டோ (அடுக்குமாடி வீடு) பால்கனியில் வைக்கப் பல கட்டடங்களில் அனுமதி இல்லை, லாக்கரில் வைக்கலாமா என்று நிர்வாகத்தைக் கேளுங்கள். இடமே இல்லையென்றால் கடையில் ஒரு சீசனுக்கு 80 முதல் 150 டாலர் வாங்கிக்கொண்டு வைத்துத் தருவார்கள். ரசீதில் டயரின் பெயரும் எத்தனை மில்லிமீட்டர் பட்டன் மீதி இருக்கிறது என்பதும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அக்டோபரில் உங்கள் டயர்தான் திரும்பி வருகிறதா என்று சரிபார்க்க அது வேண்டும்.